தண்ணி விழுதா?

தென்காசியில் பிறந்து வெளியூரில் பிழைக்கிற எவனிடமும் ஜூன் மாதம் வந்தால் நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “என்ன சார், தண்ணி விழுதா?”

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டதா என்று அர்த்தம். நான் சென்னைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே என் வீட்டுக் குழாயில் தண்ணி விழுகிறதா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனாலும் சில வருடங்கள் டாண் டாணென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். “மெயின் ஃபால்ஸ்ல ஆர்ச்சைத் தொட்டுக்கிட்டு விழுது. ஐந்தருவியில அஞ்சு கிளையும் வருது. பழைய குற்றாலத்துல கூட்டம் கொஞ்சம் கம்மி, அங்கே போங்க.” கேட்டவர் அசந்துபோவார். பத்திரிகைக்காரன், சோர்ஸ் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

சோர்ஸ் இருந்தது வாஸ்தவம்தான். என் அப்பா.

அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவர். வேலையை விட்ட பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரு டிவிஎஸ் 50, கொஞ்சம் சர்க்கரை, நிறைய காலை நேரம். அக்கா ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாள். அதன் பிறகு சீசன் மாதங்களில் அவருக்கு ஓர் உத்தியோகம் வந்துவிட்டது. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போவார். அருவியைப் பார்ப்பார். போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்வார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்.

ஆகாசவாணிச் செய்தி மாதிரி அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தேதி, கிழமை. அப்புறம் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். அப்புறம் மலைமேல் மேகம் எப்படி, சாரல் எப்படி. கடைசியில், “வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. வச்சிடுதேன்.” எதிரில் யாரும் லைனில் இல்லை, பதிவுதான் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் எப்படி வைப்பது?

நாங்கள் கேட்டோமா? உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், சீசனின் முதல் வாரம் கேட்போம். அப்புறம் கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். “போனில் இடமில்லை” என்று எச்சரிக்கை வரும்போது, உங்களைப் போலத்தான் நானும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குட்மார்னிங் ரோஜாப்பூ, கல்யாணப் பத்திரிகை, அப்பாவின் சாரல் எல்லாம் ஒரே அமுக்கில் போயின.

அப்பா 2021 அக்டோபரில் போய்விட்டார். தூக்கத்திலேயே.

முதல் வருடம் எதையும் கேட்க மனசு வரவில்லை. 2023 ஜூனில் ஆபீஸ் லிஃப்டில் ஒருவர் கேட்டார். “சார், தண்ணி விழுதா?” பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடினேன். என் போனில் ஒன்றுகூட இல்லை. தம்பியிடம் இல்லை. அக்காவிடம் இல்லை. குரூப்பில் மேலே மேலே தள்ளிப் போனால் பதிவுகளின் இடம் மட்டும் இருக்கிறது; தொட்டால், பைல் இல்லை என்கிறது. நாலு பேர் போனில் இருந்த ஒரு குரலை நாலு பேருமே, மற்றவன் வைத்திருப்பான் என்று நம்பி அழித்திருக்கிறோம்.

அப்பாவின் போன் அக்கா வீட்டு பீரோவில் இருந்தது. பேட்டரி அப்பளமாக உப்பியிருந்தது. தென்காசியில் ரிப்பேர் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, “போர்டே போயிட்டு சார்” என்றார்.

அப்போதுதான் அக்கா மகன் ஒரு வெளிச்சத்தைக் காட்டினான். “தாத்தா போன்ல இருந்தது எல்லாம் கிளவுட்டுக்குத் தானா ஏறிட்டு இருந்துச்சு மாமா. நான்தான் போட்டுக் கொடுத்தேன்.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பா கணக்குப் பிள்ளை அல்லவா, பாஸ்வேர்டைத் தன் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் மணி மணியாக எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். அடித்தேன். சரியான பாஸ்வேர்டு. ஆனால், இது புதிய கம்ப்யூட்டர் என்பதால் நீங்கள்தானா என்று உறுதி செய்ய வேண்டும், உங்கள் மொபைலுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது.

அப்பாவின் நம்பரை நாங்கள் ரீசார்ஜ் செய்யவே இல்லை. யார் செய்வார்கள்? செயலிழந்த நம்பரை 90 நாளாவது யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, அதன் பிறகு வேறு ஒருவருக்குத் தரலாம் என்பது நம் நாட்டு நடைமுறை. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே இது பேசப்பட்டது. நான் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். திருப்பூரில் இருந்து ஓர் இளைஞர் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“வருத்தமாத்தான்ணே இருக்கு. ஆனா ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல இருந்து தினம் மெசேஜ் வருதேண்ணே.”

என்ன பதில் சொல்வது? அவர் சொன்னதுதான் சரி. இதே பத்தியில் நானே ரெண்டு தடவை அந்த அறிவுரையை எழுதியிருக்கிறேன். வேறு வழியில் நுழைய நாலைந்து தடவை முயன்றதில் கணக்கு பூட்டிக்கொண்டது. கம்பெனிக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாக, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்யும். வாசலில் நின்று அழுகிறவன் மகனா, திருடனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கிளவுட் என்ற பெயரைக் கேட்டால் பொதிகை மலைமேல் உட்கார்ந்திருக்கிற மேகம் மாதிரி ஒரு மயக்கம் வருகிறது. நிஜத்தில் அது தரையில் இருக்கிற பெரிய கட்டடம். உள்ளே அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள், ஏசி, ஜெனரேட்டர், வாசலில் செக்யூரிட்டி. ரொம்ப தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிளவுட் மென்பொருள் விற்கிற ஸோகோ நிறுவனம் 2011-ல் இருந்து தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்துகிறது. அவர்களது இந்திய டேட்டா சென்டர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. ஆக, மேகம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. சாவிதான் நம்மிடம் இல்லை.

இந்த யோசனை பிறந்த கதை சுவாரசியமானது. டிராப்பாக்ஸை ஆரம்பித்த ட்ரூ ஹூஸ்டன், பாஸ்டனில் இருந்து நியூயார்க்குக்குப் பஸ்ஸில் போகும்போது பென்டிரைவை மறந்துவிட்டு ஏறிவிட்டாராம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 2007-ல் தொடங்கிய அவர் கம்பெனி. பொருளை நீ சுமக்க வேண்டாம், நாங்கள் வைத்திருக்கிறோம், எங்கிருந்து கேட்டாலும் தருகிறோம். நல்ல யோசனைதான். குறை சொல்ல முடியாது. போன் தொலைந்தாலும் போட்டோ தொலைவதில்லை. தெரியாமல் அழித்தால் குப்பைத்தொட்டியில் பெரும்பாலும் 30 நாள் வைத்திருப்பார்கள். முதலில் இலவசமாகவும் கொடுத்தார்கள். கூகுள், போட்டோக்களுக்குக் கணக்கில்லாத இலவச இடம் என்று சொல்லிக்கொண்டிருந்ததை 2021 ஜூன் 1-ம் தேதியோடு நிறுத்தியது. அதற்குள் நாம் பழகிவிட்டோம். இப்போது மாதா மாதம் வாடகை கட்டுகிறோம்.

நான் பி.காம். படித்தவன். வங்கியில் பணம் போட்டால் நீ கடன் கொடுத்தவன், வங்கி கடனாளி என்று முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கடனாளியைக் கட்டிப்போட எத்தனை கயிறு! நாமினி உண்டு. வாரிசுக்குப் படிவம் உண்டு. வங்கி மூழ்கினால்கூட 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அப்பாவின் சேமிப்புக் கணக்கில் இருந்த பணம், மூன்றே வாரத்தில் அம்மா பெயருக்கு வந்துவிட்டது. அப்பாவின் குரல் வரவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்குத் தென்காசி போயிருந்தேன். மாடியில் வேண்டாத சாமான் போடுகிற அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். “இதை எடைக்குப் போட்டுடலாமாடா?” என்று அக்கா கேட்டாள். லீவுக்கு வந்திருந்த மருமகன் ஓடிவந்து தடுத்தான். “அம்மா, இரு. மாமா, இதுல தாத்தாவோட ஃபோல்டர் இருக்கணும்.”

2019-ல் நடந்த கதையை அப்புறம்தான் சொன்னான். தாத்தா போனில் கிளவுட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு, இனிமேல் எல்லாம் பத்திரம் தாத்தா என்றிருக்கிறான். “எங்கலே இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். மும்பையோ சிங்கப்பூரோ தெரியாது என்றதும் அவருக்குத் திருப்தி இல்லை. “அங்க இருக்கது இருக்கட்டும். நம்ம வீட்ல ஒண்ணு வேணும்லா? கடையில ஒரு சிட்டை, வீட்ல ஒரு சிட்டை. அதான் கணக்கு.” முப்பத்தைந்து வருடமும் கடைக் கணக்கின் சுருக்கத்தைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்திருந்த மனுஷன் வேறு எப்படிப் பேசுவார்?

தாத்தாவைச் சமாளிக்க மருமகன் போட்டுக் கொடுத்ததுதான் சிங்க்திங் என்கிற இலவச மென்பொருள். 2013 டிசம்பரில் யாக்கோப் போர்க் என்கிற ஸ்வீடன்காரர் வெளியிட்டது. கம்பெனிச் சரக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதற்கு நடுவில் கிடங்கு கிடையாது. போனும் வீட்டுக் கம்ப்யூட்டரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். ஒன்றில் புதிதாக ஒரு பைல் வந்தால் மற்றதற்குப் போய்விடும்.

புரிகிற மாதிரி சொல்கிறேன். கிளவுட் என்பது ஹோட்டல். நீங்கள் சமைத்ததை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து வைத்துவிட்டு, வேண்டும்போது போய் வாங்கிக்கொள்கிறீர்கள். இது பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்து விடுகிற மாதிரி. காசு கிடையாது, ரசீது கிடையாது. ஆனால் அந்த வீடு பூட்டியிருந்தால் கிண்ணத்தோடு திரும்ப வேண்டியதுதான். இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் வேலை நடக்கும். இரண்டும் ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் இன்டர்நெட்கூடத் தேவையில்லை.

ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்தில் நீளமாக ஓர் அடையாளம் உண்டு. இதை அதற்கும், அதை இதற்கும் சொல்லி அறிமுகம் செய்து வைக்க வேண்டும். சம்பந்தி வீட்டு நிச்சயதார்த்தம் மாதிரி இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். பிறகு பைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு மாறியிருக்கிறதோ அதை மட்டும் அனுப்புகிறது. வெளியூரில் இருந்து பேசும்போது நேர்வழி கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு தபால்காரர் உதவுவார். உறை ஒட்டியிருக்கும், அவரால் பிரிக்க முடியாது.

பியர் டு பியர் என்றால் நம்மில் பலருக்குத் திருட்டுப் படம்தான் ஞாபகம் வரும். 2001-ல் பிராம் கோஹன் எழுதிய பிட்டாரன்ட் அந்த மாதிரிப் பேரெடுத்துவிட்டது. அதே கம்பெனிதான் 2013-ல் சொந்த பைல்களைச் சொந்தக் கருவிகளுக்குள் பகிர ஒரு மென்பொருள் விட்டது. இப்போது அது ரெஸிலியோ என்ற பெயரில் இருக்கிறது. கத்தி ஒன்றுதான். கழுத்தையும் அறுக்கலாம், காய்கறியும் அரியலாம்.

பழைய கம்ப்யூட்டர் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. நாங்கள் நாலு பேரும் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மாதிரி நின்றோம். ஃபோல்டர் இருந்தது. உள்ளே 38 பைல்கள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. ஓடிபி கேட்கவில்லை. நீ யார் என்றே கேட்கவில்லை. தட்டியதும் பேசியது.

“2021 ஜூலை மாசம் 11-ந் தேதி, ஞாயித்துக்கிழமை. மெயின் ஃபால்ஸ்ல தண்ணி நல்லா விழுது. ஆர்ச்சுக்கு மேல வருது. கீழ ஒருத்தரும் இல்ல. போலீஸ்காரர் மட்டும் ஒத்தையில நிக்காரு. தூரத்துல இருந்துதான் பாத்தேன். சாரல் முகத்துல அடிக்கி. வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. வச்சிடுதேன்.”

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு சீசனிலும் குற்றாலத்தில் குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்த உடம்புகள் இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில், ஆளில்லாமல் தண்ணீர் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு கிழவர் எங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். கேட்காமல் நான் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறேன்.

அம்மா இரண்டாவது தடவை போடச் சொன்னாள். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

38 பைலும் 2021 சீசன். அப்படியானால் 2019, 2020 எங்கே? மருமகன் கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்து பார்த்தான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான். “தாத்தாவே அழிச்சிருக்காரு மாமா. 2021 ஏப்ரல்ல போன் ரொம்பியிருக்கும். பழசையெல்லாம் டெலிட் பண்ணியிருக்காரு. போன்ல அழிச்சதும் இங்கேயும் அழிஞ்சிட்டு.”

இந்த விவகாரத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்பது கண்ணாடி. நீங்கள் மீசையை எடுத்தால் கண்ணாடியிலும் மீசை போய்விடும். பேக்கப் என்பது ஸ்டுடியோவில் எடுத்து மாட்டின போட்டோ. நீங்கள் என்ன ஆனாலும் அதில் மீசை இருக்கும். அழித்ததையும் கொஞ்ச காலம் எடுத்து வைக்கிற வசதி சிங்க்திங்கில் உண்டு. ஆனால் அதை நாம் போய் முடுக்கிவிட வேண்டும். பதினான்கு வயதுப் பையன் அப்போது அதைக் கவனிக்கவில்லை. அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆக, கணக்கைப் பாருங்கள். கிளவுட் அப்பாவின் மூன்று வருடத்தையும் வைத்திருந்திருக்கலாம். ஆனால் கதவைத் திறக்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் கேட்டவுடன் திறந்தது. ஆனால் அப்பா மறந்ததை அதுவும் மறந்துவிட்டது. ஒன்று யாரையும் நம்பாத காவல்காரன். இன்னொன்று சொன்னதையெல்லாம் செய்கிற வேலைக்காரன். எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெரிய கட்டடம் என்றால் பெரிய பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 26-ம் தேதி தென்கொரியாவில் டேஜான் என்கிற ஊரில், அரசாங்கத்தின் டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிளவுட் சாம்பலாகிவிட்டது. 858 டெராபைட். வேறு எங்கும் நகல் இல்லை. காரணம் கேட்டதற்கு, நகல் எடுக்க முடியாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது என்றார்கள். உலகத்துக்கே செல்போன் விற்கிற தேசம்.

அதே போல, நம் வீடு என்றால் நம் கையில் என்றும் இறுமாந்துவிட முடியாது. நாங்கள் அந்தத் தீபாவளிக்குக் குரலைக் கண்டுபிடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பல ஊர்களில் போன் டவர் வேலை செய்யவில்லை. கிளவுட்டில் உள்ளதை எட்ட முடியாது. தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டரும் அதே மேஜையில் இருந்த ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே முங்கியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நகலும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரே வெள்ளம் போதும். அக்கா வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

அதனால் இப்போது நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் நிபுணன் என்ற முறையில் அல்ல, சூடு கண்ட பூனை என்ற முறையில். 38 பைலும் மொத்தம் 31 எம்.பி.தான். ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட வராது. தென்காசியில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர், சென்னையில் என் கம்ப்யூட்டர் இரண்டும் நேரடியாக சிங்க் ஆகின்றன. அழித்ததை ஒரு வருடம் எடுத்து வைக்கும் வசதியை மருமகன் இந்தத் தடவை மறக்காமல் போட்டுவிட்டான். கோயம்புத்தூரில் தம்பியிடம் ஒரு ஹார்டு டிஸ்க், எதனோடும் இணைக்காமல், பீரோவில். வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பேசுகிறதா என்று பார்க்க வேண்டியது அவன் பொறுப்பு. இவ்வளவுக்கும் மேலே கிளவுட்டிலும் ஒரு நகல். ஆமாம், கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி அங்கேயே திரும்பப் போய்விட்டேன். வெள்ளம் வந்தால் வேண்டும் அல்லவா?

ஆனால் இந்தத் தடவை வாரிசு எழுதி வைத்துவிட்டுப் போனேன். உங்களுக்கும் சொல்கிறேன், இன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கூகுள் கணக்கு சும்மா கிடந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வசதி இருக்கிறது. ஆப்பிளில் 2021 டிசம்பரில் இருந்து வாரிசுத் தொடர்பு என்று ஒருவரைக் குறிக்கலாம். இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கத் தொடங்கியது 2023 டிசம்பரில். வீட்டில் பெரியவர்கள் போய்விட்டால் அவர்கள் நம்பரை உடனே சாக விடாதீர்கள். ஓடிபி வருகிற ஒவ்வொரு கணக்கையும் மாற்றி முடிக்கிற வரைக்கும் குறைந்த ரீசார்ஜாவது போடுங்கள். திருப்பூர்த் தம்பிகள் எல்லோரும் நேர்மையாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சிங்க்திங் மாதிரி ஒன்றை நம்புவதாக இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும். போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதைச் சத்தமில்லாமல் தூங்க வைத்துவிடும். அதிகாரபூர்வமான ஆண்ட்ராய்டு செயலியைப் பராமரித்து வந்தவர்கள் 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதன் கிளை ஒன்றை வேறு ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். கம்பெனிக்கு வாடகை கொடுக்கிறீர்கள், இதற்குக் கவனத்தைக் கொடுக்கிறீர்கள். ஓசி என்று ஒன்று எங்கேயும் இல்லை.

தென்காசி என்ற பெயரே ஒரு நகலின் பெயர்தான். காசிக்குக் கிளம்பிய முன்னோர்கள் போய்ச் சேராமலே வழியில் இறந்துபோனார்கள், அதனால் சித்தாற்றங்கரையில் எனக்கு ஒரு கோயில் கட்டு என்று சிவன் பாண்டியன் கனவில் வந்து சொன்னதாகக் கதை. தூரத்தில் இருப்பது இருக்கட்டும், பக்கத்தில் ஒன்று வேண்டும். என் அப்பா சொன்னதேதான். 1446-ல் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கினான். அவன் கல்வெட்டில் விட்டுச் சென்ற செய்தி எனக்கு எப்போதும் ஆச்சரியம். என் பெயரைச் சொல்லுங்கள் என்று அவன் கேட்கவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை ஏதும் நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் யாரோ, அவர்களைப் பணிந்து வணங்குகிறேன் என்கிறான். ராஜா, இன்னும் பிறக்காத பராமரிப்பு வேலைக்காரன் காலில் விழுகிறான்.

குறையும் நேர்ந்தது. ராஜகோபுரம் சிதைந்து, நூறு வருடத்துக்கும் மேல் மொட்டைக் கோபுரமாக நின்றது. ஊர் கூடிக் கட்டி 1990-ல் குடமுழுக்கு நடத்தியபோது எனக்கு ஒன்பது வயது. கூட்டத்தில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கல்லில் கட்டியதற்கே ஆள் வேண்டியிருக்கிறது. எங்கேயோ மும்பையில் இருந்தால் என்ன, மாடி அறையில் இருந்தால் என்ன, திரும்பிப் பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

இப்போதெல்லாம் சீசன் தொடங்கினால் அக்கா தன் ஸ்கூட்டியில் காலையில் குற்றாலம் போகிறாள். முதலில் தேதி, கிழமை. அப்புறம் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம். முடிக்கும்போது அவளும் “வச்சிடுதேன்” என்கிறாள். நான் முழுவதும் கேட்கிறேன். அழிப்பதில்லை.

போன ஜூனில் லிஃப்டில் அதே நண்பர் கேட்டார். “சார், தண்ணி விழுதா?”

“விழுது சார்” என்றேன். “சாரல் முகத்துல அடிக்குதாம்.”